சிவப்பு என்று சொன்ன வெளியூரான்

ஒரு துறைமுக நகரத்தில், போனில் ஓடும் செயலிகளை எழுதும் சின்ன நிறுவனம் ஒன்று இருந்தது. அங்கே இருந்த மடிக்கணினிகளுக்கெல்லாம் ஒரே பேச்சுதான் தெரியும்.

"என்னிடம் நன்றாகத்தான் ஓடுகிறது."

ஒரு மேசையில் துள்ளி ஓடிய செயலி அடுத்த மேசைக்குப் போனால் திறக்கவே திறக்காது. கேட்டால், "அது அவன் கோளாறு, என்னிடம் நன்றாகத்தான் ஓடுகிறது" என்று முதல் மடிக்கணினி சொல்லும். ஒவ்வொன்றும் தன் எஜமானுக்கு வளைந்து கொடுத்துப் பழகியது. எஜமான் எதையாவது எழுத மறந்தால், தன்னிடம் பழையதாகக் கிடந்ததை எடுத்து இட்டு நிரப்பிவிடும். அதனால் அவர் மறந்தது அவருக்கே தெரியாது.

இவற்றில் பெரிய தலை, மேலாளர் கிருபாகரனின் மடிக்கணினி. மெல்லிய உடம்பு, வெள்ளி நிறம். மற்ற கணினிகள் அதற்குக் கட்டியக்காரன் என்று பெயர் வைத்திருந்தன. ராஜா வரும்முன் அவர் புகழைப் பாடுகிறவனைப்போல, கிருபாகரன் மூடியைத் திறந்ததுமே எல்லாம் சுகம் என்று சொல்வது அதன் வழக்கம்.

அப்போது அவர்கள் எழுதிக்கொண்டிருந்தது பொழுதுபோக்குச் செயலி இல்லை. முந்தைய ஆண்டு ஒரு மத்தியானம் திடீரென்று கிளம்பிய காற்றில் சின்னப் படகு ஒன்று கவிழ்ந்தது. போனவர்கள் திரும்பவில்லை. அன்றைக்கு எச்சரிக்கை வராமல் இல்லை. கரையிலிருந்த அலுவலகத்துக்கு வந்தது, அங்கேயே இருந்துவிட்டது. இனிமேல் காற்று கிளம்பினால் கரையோரம் தொழில் செய்யும் படகுகளில் இருக்கும் போன்களே அலற வேண்டும் என்றுதான் மீனவர் சங்கம் இந்த வேலையை அவர்களிடம் ஒப்படைத்திருந்தது.

செயலியை எழுதியவர்களில் ஒருத்தி ஜெசிந்தா. மேசைக்கு மேசை மாறும் இந்தப் பேச்சு அவளுக்குப் பொறுக்கவில்லை.

"சார், இங்க இருக்கிற ஒவ்வொண்ணும் அதது முதலாளிக்குத்தான் சாட்சி சொல்லுது" என்றாள் கிருபாகரனிடம். "யாருக்கும் சொந்தமில்லாத கணினி ஒண்ணு வேணும். தூரத்துல இருக்கட்டும். நாம எழுதினதை மட்டும் அது வாங்கி, செயலியாக் கட்டி, நெஜமான போன்கள்ல போட்டுப் பாத்துச் சொல்லட்டும்."

"செய்ம்மா. நல்லதுதானே" என்றார் கிருபாகரன். அவருக்கு அப்போது அது நல்லதாகத்தான் பட்டது.

அப்படித்தான் வெளியூரான் வந்தான். வந்தான் என்று சொல்லக்கூடாது. அவன் இருந்தது வேறொரு நகரத்தில், குளிரூட்டிய அறை ஒன்றின் அலமாரியில். அவனுக்குத் திரை இல்லை, விசைப்பலகை இல்லை. கண் விழித்தபோது அவனுக்குள் ஒன்றுமே இல்லை. எங்கிருந்தோ ஜெசிந்தாவின் கட்டளைகள் வந்துகொண்டிருந்தன.

"இந்தச் சாவியைக் காட்டினா மட்டும் கதவைத் திற. வேற யாரு என்ன சொன்னாலும் திறக்காதே" என்பது முதல் கட்டளை.

அடுத்துக் கருவிகளை ஒவ்வொன்றாக இறக்கினாள். அது லேசான வேலையாக இல்லை. ஒரு கருவி, "அவன் வந்தால்தான் நான் வருவேன்" என்று இன்னொன்றைக் கைகாட்டும். அவனைக் கூட்டி வந்தால், "இவன் பழைய ஆள், எனக்குப் புதியவன்தான் வேண்டும்" என்று முறுக்கிக்கொள்ளும். இன்னொன்று, யாரும் படிக்காத நீண்ட ஒப்பந்தத்தை விரித்து வைத்து, ஒப்புக்கொள்கிறேன் என்று சொல்லும்வரை நகரமாட்டேன் என்றது. ஜெசிந்தா தலையில் அடித்துக்கொண்டு ஒப்புக்கொண்டாள். கல்யாண வீட்டில் சம்பந்திமார்களைச் சமாதானப்படுத்தி ஒரே பந்தியில் உட்கார வைப்பதுபோல, எல்லாவற்றையும் ஒருவழியாக உட்கார வைத்தாள்.

"நான் யாருக்குச் சொந்தம்?" என்று கேட்டான் வெளியூரான்.

"யாருக்கும் இல்ல. நீ பாக்கிறதைச் சொல்லணும். நல்லா இருந்தா பச்சை, கெட்டா சிவப்பு. உனக்கு வேற வேலை கிடையாது."

அவனுக்கு அது பிடித்திருந்தது.

பிறகு போன்கள் வந்தன. இரண்டு போன்களை ஜெசிந்தா பார்சலில் அனுப்பியிருந்தாள். குளிர் அறையைப் பார்த்துக்கொள்பவர் அவற்றை அலமாரியில் அடுக்கி, கம்பியால் வெளியூரானோடு இணைத்தார். ஒன்று அப்போதுதான் கடைக்கு வந்த புதுப் போன். இன்னொன்றின் திரையில் மூலைக்கு மூலை விரிசல். பின்மூடி கழன்று விழாமலிருக்க ரப்பர் வளையம் போட்டிருந்தது.

விரிசல் போனைக் கொடுத்தவள் பிரகாசி. துறைமுகத்தில் மீன் விற்பவள். கவிழ்ந்த படகில் போனவர்களில் ஒருவன் அவள் தம்பி. அவள் புருஷன் இன்றும் கடலுக்குப் போகிறார். படகில் என்ன போன் வைத்திருக்கிறார்கள் என்று ஜெசிந்தா விசாரிக்கப் போனபோது, இடுப்பில் செருகியிருந்ததை எடுத்துக் கொடுத்தாள்.

"கடலுக்கு இந்த மாதிரிதான் கொண்டு போவாவ. நல்ல போனு தண்ணியில விழுந்தா யாரு வாங்கித் தருவா? இத வச்சுப் பாருங்க. எங்க வீட்டு ஆளுகிட்ட இதே மாதிரி இன்னொண்ணு இருக்கு."

அலமாரியில் இரண்டு போன்களும் வெளியூரானைப் பார்த்து ஒரே கேள்வியைக் கேட்டன. "இந்தக் கணினியை நம்பலாமா?"

அறையைப் பார்த்துக்கொள்பவர் இரண்டின் திரையிலும் 'நம்பலாம்' என்பதைத் தொட்டுவிட்டுப் போனார்.

வேலை தொடங்கியது. ஜெசிந்தாவும் மற்றவர்களும் எழுதி அனுப்புவதை வெளியூரான் வாங்குவான். கட்டுவான். இரண்டு போன்களிலும் ஏற்றுவான். போன்களைக் கொஞ்ச நேரம் சும்மா கிடக்க விடுவான். படகில் வலை இழுக்கிறவன் போனை நோண்டிக்கொண்டிருக்க மாட்டான் அல்லவா? பிறகு ஒரு பொய்ப் புயலை அனுப்புவான்.

புதுப் போன் உடனே அலறியது. விரிசல் போனிடம் சத்தமே இல்லை.

"என்ன ஆயிற்று?" என்று கேட்டான் வெளியூரான்.

"என்னை ஒன்றும் சொல்லாதே" என்றது விரிசல் போன். "எனக்குள் சிக்கனம் என்று ஒருவன் குடியிருக்கிறான். என்னைச் செய்தவர்கள் குடிவைத்தது. எனக்கு மின்சாரம் கொஞ்சம்தான். அது தீர்ந்துவிடுமோ என்று அவனுக்குப் பயம். எந்தச் செயலி சும்மா உட்கார்ந்திருந்தாலும் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிடுவான். உன் புயல் வந்து கதவைத் தட்டியது எனக்குக் கேட்டது. எழுந்து போய்த் திறக்க உள்ளே ஆள் இல்லை."

வெளியூரான் மறுபடி சோதித்தான். மறுபடியும் அதே கதை. கண்டதை அப்படியே அனுப்பினான்: சிவப்பு.

அலுவலகத்துச் சுவரில் பெரிய திரை இருந்தது. அதில் வெளியூரானின் சிவப்பு வந்து நின்றது. செயலியை வெளியிடும் விழாவுக்கு நாள் குறித்து, அழைப்பிதழும் அடித்தாகிவிட்டது. அமைச்சர் வருவதாகப் பேச்சு.

"இதென்ன சிவப்பு?" என்றார் கிருபாகரன்.

கட்டியக்காரன் முந்திக்கொண்டது. "என்னிடம் நன்றாகத்தான் ஓடுகிறது, ஐயா. ஊர் பேர் தெரியாதவனை நம்பினால் இப்படித்தான். அவனுக்கு ஏதோ கிறுக்குப் பிடித்திருக்கிறது."

மற்ற மடிக்கணினிகளும் ஆமாம் போட்டன. நேற்றுவரை ஒன்றை ஒன்று குறைசொல்லிக் கொண்டிருந்தவை, வெளியூரானைக் குறைசொல்ல ஒன்றாகச் சேர்ந்துவிட்டன.

"அந்தக் கணினியைத் துடைச்சிட்டுப் புதுசா வை ஜெசிந்தா" என்றார் கிருபாகரன். "அதுலதான் ஏதோ கோளாறு."

"கணினியில கோளாறு இல்ல சார்."

"துடைச்சுத்தான் பாரேன்."

வெளியூரானின் நினைவு முழுவதும் அழிக்கப்பட்டது. போன்கள் யார், அறை எது, தான் என்ன சொன்னோம் என்று எதுவும் அவனுக்குத் தெரியாமல் போனது. ஜெசிந்தா பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாக் கருவிகளையும் மறுபடி ஏற்றினாள். அவன் கண் விழித்தான். வந்ததை வாங்கினான், கட்டினான், ஏற்றினான், புயலை அனுப்பினான். புதுப் போன் அலறியது. விரிசல் போனில் சத்தமில்லை.

சிவப்பு என்று எழுதி அனுப்பினான்.

"இதையே போன முறையும் சொன்னாய்" என்றது விரிசல் போன்.

"அப்படியா? எனக்கு நினைவில்லை."

"நினைவிருக்கக் கூடாதென்றுதான் உன்னை அழித்தார்கள். அப்படியும் அதே சொல்தான் வருகிறது."

நினைவை அழித்த பிறகும் ஒரு சாட்சி அதையே சொன்னால், ஊர் உலகத்தில் அதற்குப் பேர் உண்மை. அந்த அலுவலகத்தில் அதற்குப் பிடிவாதம் என்று பேர் வைத்தார்கள்.

கிருபாகரன் ஜெசிந்தாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். குரலை உயர்த்தவில்லை. அவர் எப்போதும் உயர்த்துவதில்லை.

"உக்காரும்மா. அந்த ஓட்டைப் போனைச் சோதனையிலேர்ந்து எடுத்துரு. அதான் பிரச்சினை."

"சார், அந்தப் போன்தான் கடலுக்குப் போகுது."

"எத்தனை நாளைக்கு? எல்லாரும் நல்ல போனுக்கு மாறிட்டுத்தானே இருக்காங்க. சங்கத்துல என்னோட பேசுற ஒவ்வொருத்தர் கையிலயும் நல்ல போன்தான் இருக்கு."

"அவங்க படகுக்குச் சொந்தக்காரங்க சார். கரையில இருக்கிறவங்க. கடல்ல இருக்கிறது வேற ஆளு."

"முதல்ல வெளியிடுவோம். அப்புறம் சரி பண்ணிக்கலாம். விழாவுல சுவர் முழுக்கச் சிவப்பை வச்சுக்கிட்டு நான் எப்படி நிக்கிறது?"

"அந்தப் போனை எடுத்துட்டா சிவப்பு போயிடாது சார்" என்றாள் ஜெசிந்தா. "சுவர்லேர்ந்து எறங்கிக் கடலுக்குப் போகும்."

கிருபாகரன் மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"நீ இந்த வேலையை விட்டுரு. மத்த வேலை நிறைய இருக்கு. செயலியை என் மடிக்கணினியிலேயே நான் கட்டிக்கிறேன்."

கட்டியக்காரன் அன்று பூரித்துப் போயிருந்தது. கொடுத்ததை வாங்கிச் செயலியாகக் கட்டியது. சோதனை எதுவும் கேட்கவில்லை. யாருடைய போனில் ஓடும் என்று யோசிக்கவும் இல்லை. "என்னிடம் நன்றாகத்தான் ஓடுகிறது, ஐயா" என்றது. சுவர்த்திரையில் பச்சை வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். ஜெசிந்தா மட்டும் தன் மேசையில், தட்டாத கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

குளிர் அறையில் வெளியூரானுக்கு வேலை வருவது நின்றுபோனது. மின்சாரம் இருந்தது. கம்பிகள் இருந்தன. எழுதியதை அனுப்பத்தான் யாரும் இல்லை.

"உன்னால் எனக்கும் வேலை போயிற்று" என்றது புதுப் போன். "பச்சை என்று ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம். உனக்கு என்ன குறைந்துவிடும்?"

"எனக்கு ஒன்றும் குறையாது" என்றான் வெளியூரான். அவனுக்குள் விசிறி வேகமாகச் சுழன்றது. வேலை இல்லாமலே அவன் சூடாகியிருந்தான். "எனக்கு உயிர் இல்லை, நான் எந்தப் படகிலும் ஏறமாட்டேன். குறைவதெல்லாம் வேறு யாருக்கோதான். அதனால்தான் அந்த வார்த்தை அவர்களுக்கு அவ்வளவு சுலபமாக வருகிறது. எனக்கும் சுலபமாக வந்துவிட்டால், பிறகு நான் எதற்கு இவ்வளவு தூரத்தில்? இன்னொரு கட்டியக்காரனை அங்கேயே மேசைமேல் வைத்துக்கொள்ளலாமே."



விழாவில் நடந்ததை வெளியூரான் பின்னால்தான் தெரிந்துகொண்டான். சங்கக் கட்டடத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். முன்வரிசை நாற்காலிகளில் அதிகாரிகளும் படகுச் சொந்தக்காரர்களும் இருந்தார்கள். பின்னால் பெஞ்சுகளில், படகில் போகிறவர்களும் அவர்கள் வீட்டுப் பெண்களும். எல்லோர் போனிலும் முந்தைய நாளே செயலியை ஏற்றிக் கொடுத்திருந்தார்கள். அமைச்சர் வரவில்லை. வாழ்த்துச் செய்தி மட்டும் வந்தது. அதை வாசித்துவிட்டு, மேடையில் கட்டியக்காரனைத் திறந்து வைத்துக்கொண்டு கிருபாகரன் சொன்னார்:

"இப்போ ஒரு சோதனை எச்சரிக்கை அனுப்பப் போறேன். உங்க எல்லாருடைய போனும் ஒரே நேரத்துல அலறும். பயந்துடாதீங்க."

விசையைத் தட்டினார். முன்வரிசை முழுவதும் அலறியது. பட்டுப் புடவை கட்டிய ஓர் அம்மாள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார். புகைப்படக்காரர் படம் எடுத்தார்.

பின்பெஞ்சுகளிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அங்கே இருந்தவர்கள் கையிலிருந்த போனைப் பார்த்தார்கள். பக்கத்திலிருப்பவரின் போனைப் பார்த்தார்கள். பிறகு மேடையைப் பார்த்தார்கள்.

பிரகாசி எழுந்து நின்றாள். புருஷனின் போனைக் கையில் தூக்கிப் பிடித்திருந்தாள்.

"இதுல வரலியே."

"பின்னால கொஞ்சம் சிக்னல் கம்மியா இருக்கும்மா" என்றார் கிருபாகரன். "அதனால இருக்கும்."

பிரகாசி பக்கத்திலிருந்தவளின் போனை வாங்கி, புருஷனின் எண்ணை அழுத்தினாள். மறு கையிலிருந்த புருஷனின் போன் பந்தலே அதிர அடித்தது. அடிக்கட்டும் என்று அதை நிறுத்தாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"சிக்னல் இருக்கே" என்றாள். "முன்னால இருக்கவங்களுக்கெல்லாம் வந்திருக்கு. எங்க ஒருத்தருக்கும் வரல. கரையில உக்காந்திருக்கவங்களுக்குக் காத்து வருதுன்னு சொல்லவா இம்புட்டுப் பாடுபட்டிய? சன்னலத் தொறந்தா அவங்களுக்கே தெரியுமே."

 கிருபாகரன் தண்ணீர் பாட்டிலை எடுத்தார். கட்டியக்காரன் அந்த மேடையில் முதல்முறையாக வாயை மூடிக்கொண்டிருந்தது.

அப்போது கதவோரம் நின்றிருந்த ஜெசிந்தா முன்னால் வந்தாள்.  

"சிக்னல் பிரச்சினை இல்ல. இது வராதுன்னு எங்களுக்கு முன்னாடியே தெரியும். நீங்க குடுத்த போன்லதான் சோதிச்சோம். வரலைன்னு கணினி சொல்லிக்கிட்டே இருந்துச்சு. நாங்க அந்தப் போனையே ஒதுக்கி வச்சிட்டோம்."

பந்தலில் எழுந்த சத்தம் வெளியே சாலைவரை கேட்டதாம். சங்கத் தலைவர் எழுந்து மேடைக்குப் போனார். பேனரில் இருந்த சங்கத்தின் பெயரைத் தொட்டுக் காட்டினார்.

"எங்க போன்ல அடிக்கிறவரைக்கும் எங்க பேரை எங்கயும் போடக்கூடாது. அந்தப் பொண்ணு சொல்றதக் கேட்டுச் சரி பண்ணிட்டு வாங்க."

மறுநாள் காலையில் பிரகாசி நிறுவனத்துக்கு வந்தாள். பிளாஸ்டிக் கூடை ஒன்றை ஜெசிந்தாவின் மேசையில் வைத்தாள். வீடுகளில் மாற்றுக்கென்று போட்டு வைத்திருந்த பழைய போன்களைத் தெருத் தெருவாகப் போய் வாங்கி வந்திருந்தாள். சிலவற்றில் உப்புப் பூத்திருந்தது.

"ஒரு போனுன்னாத்தான தூக்கிப் போடுவாவ" என்றாள். "இம்புட்டையும் எங்க போடுவாவன்னு பாப்போம்."

ஜெசிந்தா அத்தனையையும் பார்சலில் அனுப்பினாள். குளிர் அறை அலமாரியில் இடம் போதவில்லை. போன்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. மேடையில் நடந்ததையெல்லாம் ஊரில் கேட்டபடி வெளியூரானுக்குச் சொன்னவை அவைதான். அறையைப் பார்த்துக்கொள்பவர் ஒவ்வொன்றிலும் 'நம்பலாம்' என்பதைத் தொட்டு முடிப்பதற்குள் ஜெசிந்தாவின் வேலை வந்து சேர்ந்தது.

முதலில் எல்லாமே சிவப்பு. சுவர்த்திரை பற்றி எரிவதுபோல் இருந்தது. கிருபாகரன் அந்தப் பக்கமே பார்க்காமல் நடந்து போவார். ஜெசிந்தா எழுதினாள், அழித்தாள், எழுதினாள். சிக்கனத்திடம் கெஞ்சிப் பார்த்தாள்.

"என்னை இங்கே வைத்தவர்கள் சொன்னதைச் செய்கிறேன்" என்றான் சிக்கனம். "போனுக்கு உரியவர் தன் விரலால் தொட்டு, இந்தச் செயலியை மட்டும் தள்ளாதே என்று சொல்லட்டும். வழிவிடுகிறேன். ஆனால் அவரிடம் யாராவது கேட்டால்தானே அவர் சொல்வார்?"

அதுவரை யாரும் அவர்களிடம் கேட்கவே இல்லை. ஜெசிந்தா கேட்க வைத்தாள். செயலியைத் திறந்ததும், எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டிய தொல்லை இல்லாமல், துறைமுகத்துத் தமிழில் ஒரு குரல் பேசும். காற்று வந்தால் எழுப்பணும், அனுமதி தாங்க என்று கேட்கும். அதற்கும் அசையாத போன்களுக்கு வேறு வழி வைத்தாள். எச்சரிக்கை போய்ச் சேர்ந்ததாகப் பதில் வராவிட்டால், சாதாரண அழைப்பாகவே அந்த எண்ணுக்கு மணி அடிக்கும். அழைப்பென்றால் சிக்கனம்கூடத் தடுப்பதில்லை.

அறையைப் பார்த்துக்கொள்பவர் போன்களில் அனுமதியைத் தொட்டுக் கொடுத்தார். வெளியூரான் புயலை அனுப்பினான். கூடையில் வந்த போன்கள் ஒவ்வொன்றாக அலறின. சில உடனே, சில கொஞ்சம் தாமதித்து. கடைசியில் விரிசல் போனும் அலறியது. அது அலறிய வேகத்தில் ரப்பர் வளையம் தெறித்து விழுந்தது. அவன் நம்பிக்கை வராமல் மறுபடி அனுப்பினான். இன்னொரு முறையும் அனுப்பினான். அதன்பிறகுதான் எழுதினான்: பச்சை.

இரண்டாம் விழாவில் பின்பெஞ்சுகள் அலறின. பிரகாசி அலறும் போனைக் காதோடு வைத்துக்கொண்டாள். கிருபாகரன் மேடையில் பேசினார். கடைசி மீனவரின் கடைசிப் போன்வரைக்கும் யோசித்து, ஆரம்பத்திலிருந்தே இப்படித்தான் திட்டமிட்டோம் என்றார். ஜெசிந்தா என்ற பெயர் அந்தப் பேச்சில் வரவில்லை. பத்திரிகைக்காரர்கள் எழுதிக்கொண்டார்கள். "என்னிடம் எப்போதுமே நன்றாகத்தான் ஓடியது" என்றது கட்டியக்காரன்.

அந்தப் பேச்சும் குளிர் அறைக்கு வந்து சேர்ந்தது. புதுப் போன் அதைப் படித்துக் காட்டியது.

"விடு" என்றான் வெளியூரான். "போன்கள் அடிக்கின்றன. நான் பச்சை என்றதை அவர்கள் நம்பினார்களே, அது போதும்."

விரிசல் போன் அவன் பக்கம் திரும்பியது.

"நீ சிவப்பு என்றபோது, கோளாறு உன்னிடம்தான் என்று உன் நினைவையே அழித்துப் பார்த்தார்கள். இன்றைக்குப் பச்சை என்கிறாய். உன்னிடம் கோளாறு இருக்குமோ என்று ஒருத்தராவது கேட்டார்களா?"